பென்னு மாதிரித் தலையின் மூடி ஏன் மூடவில்லை? வடிவமைப்புக் கோளாறா, எதிர்பாராத மண்ணா?

#1 பரல்கல்

பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் எடுத்துவர நாசா அனுப்பிய ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "மூடி மூடாம கல்லெல்லாம் கொட்டிப்போச்சு, நாசா சொதப்பிட்டாங்க" என்று எழுதிவிடுகிறார். 2020 அக்டோபர் 20 அன்று விண்கலம் பென்னுவைத் தொட்டது. 22-ம் தேதி வந்த படங்களில் மண்ணைச் சேகரிக்கும் மாதிரித் தலையைச் சுற்றிக் கற்கள் மிதந்தன. இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை.

கேள்வி இதுதான். அந்த மூடிக்கு ஒரு ஸ்பிரிங் போட்டு இறுக்க என்ன தடை? காற்று ஊதி மண் எடுப்பதற்குப் பதிலாக ஒரு அள்ளுகரண்டி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காதே? பொறியியல் தெரிந்தவர்கள் எண்களோடு சொல்லுங்கள்.

#2 திருகாணி

கரண்டியை முதலில் தள்ளிவிடுவோம். பென்னுவின் சராசரி விட்டம் 490 மீட்டர், நிறை சுமார் 7.3 கோடி டன். நம் கணக்கில் அது ஒரு சிறு குன்று. பூமியில் ஒரு டன் எடையுள்ள கலம் அந்தக் குன்றின் மேல் 8 கிராம்தான் எடை காட்டும். வினாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் எதைத் தூக்கிப் போட்டாலும் திரும்பி வராது. இந்த நிலையில் கரண்டியால் குத்தினால் மண் உள்ளே வருவதற்கு முன் கலம் பின்னால் போய்விடும். கரண்டிக்கு எதிர்விசை வேண்டும். அதற்கு நங்கூரம் போட வேண்டும். நங்கூரம் மாட்டிக்கொண்டால் கிளம்ப முடியாது. அதனால்தான் தரையிறங்காமல், தொட்டு எடுத்துக்கொண்டு கிளம்பும் முறை.

இப்போது தலை. டேக்சாம் என்று பெயர். பழைய கார்களில் வட்டமான ஏர் ஃபில்டர் இருக்குமே, ஏறக்குறைய அதே உருவம். விட்டம் 30 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். மூன்றேகால் மீட்டருக்குக் கூடுதலான கையின் நுனியில் இருக்கிறது. தலை தரையில் பட்டதும் நைட்ரஜன் வாயு விளிம்பு வழியாக மண்ணுக்குள் பாயும். வெற்றிடத்தில் அந்த வாயு வேறு எங்கும் நிற்காது. மண்ணைக் கிளப்பிக்கொண்டு நடுவே மேலேறி, சுற்றியுள்ள வளைய அறைக்குள் நுழையும். அறையின் வெளிச்சுவர் வலை. வாயு வலை வழியே வெளியேற, கல் உள்ளே தங்கும். வேக்குவம் கிளீனரைத் தலைகீழாக யோசித்தால் இதுதான்.

நீங்கள் சொல்லும் "மூடி" அறையின் வாயில் இருக்கும் மெல்லிய மைலார் தாள். வாயு உள்ளே தள்ளும்போது மடங்கித் திறக்கும், வாயு நின்றதும் பழைய நிலைக்கு வரும். கிணற்று பம்பின் ஃபுட் வால்வு செய்யும் அதே வேலை. அதற்கு வலுவான ஸ்பிரிங் போட்டால் என்ன ஆகும்? திறக்கவே வாயுவின் பெரும்பங்கு செலவாகும், பொடி மட்டும் உள்ளே வரும், கல் வெளியே நிற்கும். சுருக்கமாக, கனமான மூடி பாதுகாப்பானதுதான், ஆனால் உள்ளே பாதுகாக்க ஒன்றும் இருக்காது.

இலக்கு 60 கிராம். கொள்ளளவு 2 கிலோ வரை. 2 செ.மீ. வரையிலான கற்களை விழுங்கும்படி செய்தது. வாயு குப்பிகள் மூன்று, அதாவது மூன்று முயற்சிகள். வாயு வேலை செய்யாமல் போனாலும் கையில் ஏதாவது ஒட்ட வேண்டும் என்று அடிப்பாகத்தில் எஃகு வளையங்களாலான 24 பட்டைகள். துணிப்பையில் ஒட்டும் வெல்க்ரோ போன்றவை.

#3 உச்சிவெயில்

இந்தத் தலை எந்த மண்ணுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் கலம் போய்ச் சேரும்வரை எல்லோர் மனதிலும் இருந்த பென்னு வேறு.

2007-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்தது. வெப்ப நிலைமம் என்று ஒரு அளவு உண்டு. பகல் வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு சீக்கிரம் சூடாகி, இரவில் எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்பது. மணல் சட்டென்று சூடாகி சட்டென்று ஆறும், பாறை மெல்ல மெல்ல. பென்னுவுக்கு வந்த எண் நடுத்தரம். சென்டிமீட்டர் அளவுச் சரளை பரவிய தரைக்குப் பொருந்தும் எண். ரேடார் படங்களிலும் 10, 20 மீட்டரில் ஒரே ஒரு பாறைதான் தெரிந்தது. எனவே 25 மீட்டர் ஆரத்தில் கூழாங்கல் பரப்பு எங்காவது கிடைக்கும் என்று வைத்து எல்லாம் வடிவமைத்தார்கள்.

போய்ப் பார்த்தால் எங்கும் பாறை. 10 மீட்டரைத் தாண்டியவை மட்டும் 200-க்கு மேல். சரளைப் பரப்பு என்று சொல்ல ஓர் இடமில்லை.

அளவீட்டில் பிழையில்லை, பொருள் கொண்டதில்தான் பிழை. அந்தப் பாறைகளே துளை நிறைந்தவை, வெப்பம் எளிதில் உள்ளே ஓடாது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையே சரளை போல ஆறிவிடுகிறது. பியூமிஸ் கல்லையும் கருங்கல்லையும் ஒரே வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்ப்பவருக்கு இது புரியும்.

ரேடார் தந்த உருவம் மட்டும் நன்றாகப் பொருந்தியது. பம்பரம் போன்ற வடிவம், நடுவே மேடு, எல்லாம் அப்படியே.

#4 நாழிகை

பாறை வந்ததும் முதலில் உடைந்தது வழிகாட்டும் முறை. அதைப் பலர் எழுதுவதில்லை, எனவே கொஞ்சம் விரிவாக.

முதல் திட்டம் லைடார். லேசர் துடிப்பை அனுப்பி உயரம் அளந்து, அதை வைத்து இறங்கும் பாதையைத் திருத்துவது. 50 மீட்டர் அகல மைதானத்தில் இறங்க அது போதும். ஆனால் நான்கு வேட்பாளர் இடங்களிலிருந்து 2019 டிசம்பரில் தேர்வான நைட்டிங்கேலில் பாதுகாப்பான பகுதி மொத்தம் 16 மீட்டர் அகலம். 140 மீட்டர் பள்ளத்துக்குள் ஒரு 20 மீட்டர் சின்னப் பள்ளம், அதன் கிழக்கு ஓரத்தில் இரண்டு மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு பாறை. அதற்கு 'மவுண்ட் டூம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

லைடார் துல்லியம் இதற்குப் போதாது. மாற்றாக வைத்திருந்த முறையை முதன்மையாக்கினார்கள். கலத்தின் நினைவில் பென்னு மேற்பரப்பின் அடையாளங்கள், குறிப்பிட்ட பாறைகள், பள்ளங்கள் என்று ஒரு பட்டியல். இறங்கும்போது கேமரா எடுக்கும் படத்தை, அந்த இடத்தில் இருந்தால் எப்படித் தெரிய வேண்டும் என்று கணித்த படத்தோடு கலமே ஒப்பிட்டு, தான் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளும். ஊருக்குள் புதிதாய் வருபவர் கோபுரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துத் திசை பிடிப்பது போல. நிழல் மாறினால் அடையாளம் மாறும் என்பதால் ஒவ்வோர் அடையாளத்துக்கும் நிலவமைப்பு மாதிரியே தேவைப்பட்டது. வெறும் புகைப்படம் வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது.

கூடவே ஓர் ஆபத்து வரைபடம். 5 மீட்டர் உயரத்தில் வந்ததும், "இப்படியே போனால் தொடும் இடம் ஆபத்துப் பகுதியா?" என்று கலமே பார்த்துக்கொள்ளும். ஆம் என்றால் தொடாமல் மேலே போய்விடும். பூமியிலிருந்து யாரும் கை கொடுக்க முடியாது, ஒரு சிக்னல் போக 18.5 நிமிடம்.

அன்று நடந்தது: 770 மீட்டர் உயரச் சுற்றுப்பாதையை விட்டு விலகி, நாலரை மணி நேரம் மெல்ல இறங்கியது. வழியில் சூரியத் தகடுகளை மேலே மடக்கி ஆங்கில ஒய் எழுத்து போல ஆக்கிக்கொண்டது. தூசி படாமல் இருக்க ஒன்று, எடை மையம் தலைக்கு நேர் மேலே வர இன்னொன்று. 125 மீட்டரில் ஒரு உந்துபொறி எரியூட்டல், 54 மீட்டரில் பென்னுவின் சுழற்சியோடு வேகத்தைப் பொருத்த இன்னொன்று. பின் வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் தொடல். குறித்த புள்ளியிலிருந்து ஒரு மீட்டருக்குள்.

இதைவிடப் பெரிய தலைவலி சுற்றுப்பாதை. 2018 டிசம்பர் 31-ல் மையத்திலிருந்து சுமார் 1.6 முதல் 2.1 கி.மீ. தொலைவில் சுற்றத் தொடங்கியபோது வேகம் வினாடிக்கு 5 செ.மீ.தான், ஒரு சுற்றுக்கு 62 மணி. எறும்பு ஊர்வதைவிடக் கொஞ்சம் வேகம். இந்த வேகத்தில் சூரிய ஒளியின் அழுத்தமே கலத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். எனவே பகலும் இரவும் சந்திக்கும் விளிம்பின் மேலேயே பாதை அமைத்தார்கள். அங்கே ஒளி எப்போதும் பாதைத் தளத்துக்குக் குறுக்கே விழுவதால் சுற்று நிலைத்து நிற்கும்.

#5 பரல்கல்

நன்றி நாழிகை. அப்படியென்றால் தொட்டது சரியான இடத்தில், சரியான வேகத்தில். பிறகு எங்கே கோணியது? "மென்மையாக இருந்ததால் மூழ்கிவிட்டது" என்று படித்தேன். பாறை நிறைந்த இடம் எப்படி மென்மையாக இருக்கும்?

#6 உச்சிவெயில்

இதுதான் பென்னு கொடுத்த நல்ல பாடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் வினாடிக்கு 10 செ.மீ. பின்வாங்கும் உந்துபொறி வேலை செய்வதற்கு முன் ஏறத்தாழ ஐந்து வினாடி. தடையே இல்லாவிட்டால் எவ்வளவு உள்ளே போகும்? 50 செ.மீ. உண்மையில் எவ்வளவு போனது? ஏறக்குறைய அதே அரை மீட்டர். அதாவது தரை தடுத்த மாதிரியே தெரியவில்லை. நெல் உமிக் குவியலில் கைவிட்டால் எப்படிப் போகுமோ அப்படி. உந்துபொறி இயங்காவிட்டால் இன்னும் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

காரணம், கற்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் ஒட்டுவிசை அங்கே அனேகமாக இல்லை, ஈர்ப்பு அழுத்தமும் இல்லை. மேல் மண்ணின் அடர்த்தி தண்ணீரில் பாதிதான். பாறை பாறையாகத்தான் இருக்கிறது, ஆனால் பாறைக்குக் கீழே அதைத் தாங்க எதுவும் அழுந்தியிருக்கவில்லை. முழுச் சிறுகோளின் அடர்த்தியே தண்ணீரைப் போல 1.19 மடங்குதான், உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம்.

2021 ஏப்ரல் 7-ல் 3.7 கி.மீ. உயரத்தில் மறுபடி பறந்து பார்த்தபோது, சுமார் 9 மீட்டர் நீளப் பள்ளம் விழுந்திருந்தது. ஆறு டன் மண் இடம் மாறியிருந்தது. ஒரு சிறு குப்பி நைட்ரஜனும் உந்துபொறிப் புகையும் செய்த வேலை!

#7 திருகாணி

அதிலிருந்து மூடிக்கு வருகிறேன். தலை தரையின் மேல் உட்கார்ந்து ஊத வேண்டும் என்பது வடிவமைப்பு. தரைக்குள்ளேயே புதைந்து ஊதியது. வாயு வேகத்தில் கல் வந்தது, கூடவே கலத்தின் உந்தமும் கல்லை வாய்க்குள் திணித்தது. வாயில் பெரிய கற்கள் குறுக்கே சிக்கி, மைலார் தாள் மடங்கியபடியே நின்றது.

22-ம் தேதிப் படத்தில் கல் மிதந்ததும் குழு இரண்டு வேலைகளை நிறுத்தியது. 23-ல் இருந்த வேகக் குறைப்பு எரியூட்டல் ஒன்று. 24-ல் இருந்த எடை அளவீடு இன்னொன்று. எடை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? கையைப் பக்கவாட்டில் நீட்டிக் கலத்தையே சுழற்றி, காலியாக இருந்தபோது சுழன்றதோடு ஒப்பிட்டு, சுழல் நிலைமத்தின் வித்தியாசத்திலிருந்து நிறையைக் கணக்கிடுவது. தராசு இல்லாத இடத்தில் அருமையான யோசனை. ஆனால் மூடி திறந்த தலையைச் சுழற்றினால், இருப்பதும் பறந்துவிடும். கையை அசைத்தாலே கல் வெளியேறுவது படங்களிலேயே தெரிந்தது.

எனவே எடை தெரியாமலேயே உள்ளே வைக்கத் தீர்மானித்தார்கள். நவம்பர் 2-க்கு இருந்த வேலையை அக்டோபர் 27-க்கு முன்கூட்டினார்கள். தலையைப் பூமிக்குத் திரும்பும் பெட்டகத்தின் வளையத்தில் பொருத்தி, கையால் பின்னோக்கி இழுத்துப் பார்த்தார்கள், கொக்கி பிடித்திருக்கிறதா என்று. பிடித்திருந்தது. பிறகு வாயுக் குழாயைத் துண்டித்து, தலையைக் கையிலிருந்து வெடிப்பாணியால் பிரித்து, 28-ல் பெட்டகத்தை மூடினார்கள். ஒவ்வொரு படிக்கும் படம் எடுத்து, பூமிக்கு அனுப்பி, பார்த்து, அடுத்த கட்டளை. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே 37 நிமிடம், மனிதர்கள் யோசிக்கும் நேரம் தனி.

#8 செங்குத்துக்கோடு

எல்லாம் சரி, ஆனால் நான் பரல்கல் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். பெரிய கல் மூடியில் சிக்கலாம் என்பது யோசிக்க முடியாத விஷயமா? ஜப்பானியர்கள் ஹயபுசா2-ல் வேறு வழி எடுத்தார்கள். ஒரு மீட்டர் நீளக் கொம்புக் குழாய், நுனி தரையில் பட்டதும் 5 கிராம் டாண்டலம் குண்டு வினாடிக்கு 300 மீட்டரில் சுடும். தெறிக்கும் துகள் குழாய் வழியே மேலேறி அறையில் விழும். 2019 பிப்ரவரி 22, ஜூலை 11 என்று இரண்டு முறை தொட்டு, அறையை ஒவ்வொன்றாக மூடி, உலோகத்தோடு உலோகம் பொருந்தும் அடைப்போடு கொண்டுவந்தார்கள். வாயுகூடக் கசியவில்லை. கொட்டவில்லை.

#9 திருகாணி

கொட்டவில்லை, சரி. எடுத்தது எவ்வளவு? அவர்கள் போன ரியுகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம். அவர்கள் இலக்கு 0.1 கிராம், எனவே அவர்களுக்கு அது பெரிய வெற்றி. பென்னுவிலிருந்து 121.6 கிராம். குண்டு சுடும் முறை குண்டு சுட்டால்தான் உண்டு. 2005-ல் முதல் ஹயபுசா இட்டோகாவா சிறுகோளில் இறங்கியபோது குண்டு வெடிக்கவே இல்லை. வந்தது நுண்துகள்கள், ஆயிரத்தைந்நூறு போல. இரண்டு முறைக்கும் தனித்தனிப் பலவீனம் உண்டு. வாயு முறைக்கு "அளவுக்கு மீறி நிரம்பி வழிவது" பலவீனம். அதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனசில்லை.

#10 நாழிகை

செங்குத்துக்கோடு சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மூழ்குவதைக் கணித்திருந்தால் வேறு விதமாக வடிவமைத்திருப்பார்கள். ஆனால் 2018-க்கு முன் அதைக் கணிக்க எந்தத் தரவும் இல்லை, போய்த் தொட்டபின்தான் தெரிந்தது. கோளாறு என்று பெயர் சொல்லி எழுத வேண்டுமென்றால் வேறொன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

2023 செப்டம்பர் 24, யூட்டா பாலைவனம். பெட்டகம் வினாடிக்கு 12 கி.மீ.க்கு மேல் வேகத்தில் வளிமண்டலத்தில் நுழைந்தது. திட்டம்: சுமார் 30 கி.மீ. உயரத்தில் சிறு பாராசூட் விரிந்து தள்ளாட்டத்தை அடக்கும். பிறகு அது அறுபட்டு, கீழே ஒன்றரை கி.மீ. அளவில் பெரிய பாராசூட். நடந்தது: 30 கி.மீ.யில் "அறு" என்ற கட்டளை போனது. சிறு பாராசூட் அப்போது பெட்டிக்குள் மடித்தபடியே இருந்தது, அதன் கயிறு அங்கேயே அறுந்தது. 2.7 கி.மீ.யில் "விரி" என்ற கட்டளை போக, கயிறில்லாத பாராசூட் வெளியே வந்து பறந்துவிட்டது. பெரிய பாராசூட் தனியாக எல்லாச் சுமையையும் தாங்கி இறக்கியது. கணித்ததைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தி தரை தொட்டது.

விசாரணையில் கிடைத்தது ஒரு சொல். வரைபடத்தில் 'மெயின்'. கட்டளை அனுப்பும் கருவியின் பக்கம் 'மெயின்' என்றால் பெரிய பாராசூட். வாங்கும் கருவியின் பக்கம் 'மெயின்' என்றால் மூடியைத் திறந்து சிறு பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிப்பான். கம்பி இழுத்தவர்கள் 'மெயினை' 'மெயினோடு' சேர்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, வரைபடம் அப்படித்தான் சொன்னது. இதே யூட்டாவில் 2004-ல் ஜெனசிஸ் பெட்டகம் பாராசூட் விரியாமல் தரையில் மோதியது, முடுக்க உணரி வடிவமைப்பிலேயே தலைகீழாக இருந்ததால். இரண்டிலும் ஒரே பாடம்: பெயரும் திசையும் சரி பார்க்காத கம்பி வேலைக்கு முழுச் செயல்பாட்டுச் சோதனை வேண்டும்.

#11 பரல்கல்

இது எனக்குப் புதிது. அப்படியே தலையைத் திறக்கும்போது கழலாமல் நின்ற திருகாணி பற்றியும் சொல்லிவிடுங்கள், பெயர் பொருத்தம்!

#12 திருகாணி

எதிர்பார்த்தேன்.

ஹூஸ்டன் ஜான்சன் மையத்தில் நைட்ரஜன் ஓடும் கையுறைப் பெட்டிக்குள் தலையை வைத்துத் திறந்தார்கள். மூடியைப் பிடித்திருந்தவை 35 திருகுகள். 33 வந்துவிட்டன, இரண்டு வரவில்லை. வெளியே இருந்தால் துளையிட்டு எடுத்திருப்போம். அங்கே அனுமதிக்கப்பட்ட கருவிகள் மட்டும்தான் உள்ளே போகலாம், எந்த உலோகத் துகளும் மாதிரியில் கலக்கக் கூடாது, எண்ணெயும் போட முடியாது. கையுறைக்குள் கை வைத்துக்கொண்டு முறுக்கும் விசையும் குறைவு.

மாதிரிக் காப்பகத்தில் அனுமதிக்கப்பட்டவற்றிலேயே கடினமான உலோகமான காந்தமில்லா அறுவைசிகிச்சை எஃகில் புதிய கருவி செய்தார்கள். தலைக்கு அருகே இடமில்லாததால் பல துண்டுகளாக, உள்ளே பொருத்திக்கொள்ளும்படி. 2024 ஜனவரியில்தான் இரண்டும் கழன்றன. அதற்குள் சும்மா இருக்கவில்லை. திறந்தே கிடந்த மைலார் வாய் வழியாகவும், தலைக்கு வெளியே கொட்டியிருந்ததையும் சேர்த்து 70.3 கிராம் எடுத்திருந்தார்கள். மூடாத மூடி கடைசியில் உதவிதான் செய்தது. உள்ளே மீதம் 51.2 கிராம்.

மாதிரி பூமிக்கு வரும் முன் குழு போட்ட கணிப்பு 250 கிராம், கூடவோ குறையவோ 101. வந்த 121.6 அந்தக் கோட்டுக்குக் கீழே. சுழற்சி அளவீட்டைக் கைவிட்டதற்குக் கொடுத்த விலை இதுதான்: எவ்வளவு எடுத்தோம் என்று மூன்று வருடம் தெரியாமலே இருந்தது.

#13 உச்சிவெயில்

கொட்டியது போகட்டும், வந்தது என்ன என்பதற்கு இரண்டு வரி. 2025 ஜனவரி கட்டுரைகளில்: உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, மரபுப்பொருளின் ஐந்து காரங்களும், நிறைய அம்மோனியா, உப்புநீர் வற்றும்போது படியும் கனிமங்கள். இடக்கை, வலக்கை அமினோ அமிலங்கள் ஏறத்தாழ சம அளவில். உப்புப் படிவுகள் பூமிக்கு வந்த விண்கற்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. காரணம் எளிது. மழையும் ஈரக் காற்றும் பட்டதும் அவை கரைந்துவிடும். நைட்ரஜன் பெட்டிக்காக இவ்வளவு மெனக்கெட்டதன் பலன் அங்கேதான் தெரிகிறது. குறைந்தது 70 சதவீதத்தைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

#14 செங்குத்துக்கோடு

ஒத்துக்கொள்கிறேன், "சொதப்பல்" என்ற சொல் பாராசூட்டுக்குப் போகட்டும்.

ஒரு சந்தேகம். பென்னு 2182-ல் மோதும் என்று அவ்வப்போது வரும் செய்தி? மேல் மண் இவ்வளவு தளர்வு என்றால் தள்ளிவிடும் திட்டங்கள் என்ன ஆகும்?

#15 நாழிகை

2182 செப்டம்பர் 24 அன்று வாய்ப்பு 2,700-ல் ஒன்று. 2300 வரை மொத்தம் 1,750-ல் ஒன்று. கலம் அங்கே இருந்து பாதையை அளந்ததால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. வெயில் பட்டுச் சூடான பக்கம் வெப்பத்தை வெளிவிடும்போது ஏற்படும் மெல்லிய உந்தலால் அதன் பாதை ஆண்டுக்கு 284 மீட்டர் உள்நோக்கி நகர்கிறது. அந்த எண் தெரியாமல் 150 ஆண்டு முன்கணிப்பு செய்ய முடியாது.

தள்ளுவது பற்றி: 2022 செப்டம்பர் 26-ல் டார்ட் கலம் ஒரு சிறுகோளைச் சுற்றும் டிமோர்ஃபோஸ் என்ற குட்டி நிலவில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை 11 மணி 55 நிமிடத்திலிருந்து 11 மணி 23 நிமிடமாக்கியது. மோதிய உந்தத்தைவிடப் பல மடங்கு, தெறித்த மண் பின்னோக்கிப் பறந்ததால் கிடைத்தது. தளர்வான மண் எவ்வளவு தெறிக்கும் என்பது அந்தப் பெருக்கத்தை நேரடியாக மாற்றும். எனவே பென்னுவின் அரை மீட்டர் மூழ்கல் அந்தக் கணக்குக்கும் ஒரு உள்ளீடு.

#16 பரல்கல்

கடைசியாக, கலம் இப்போது எங்கே? அந்தக் கையில் தலை இல்லையே?

#17 திருகாணி

இல்லை. ஒசைரிஸ்-ஏபெக்ஸ் என்ற புதிய பெயரில் அபோஃபிஸ் என்ற இன்னொரு சிறுகோளுக்குப் போகிறது. 2029 ஏப்ரல் 13-ல் அபோஃபிஸ் பூமிக்கு 32,000 கி.மீ. அருகே கடந்த பிறகு அதைப் பின்தொடர்ந்து பிடிக்கும். தொட முடியாது, எனவே தரைக்குச் சில மீட்டர் வரை இறங்கி உந்துபொறிப் புகையால் மண்ணைக் கிளப்பிப் பார்க்கும் திட்டம். வழியில் ஒரு சிக்கல் சூடு. கலம் பென்னுவின் பாதைக்காகச் செய்யப்பட்டது. இந்தப் பயணத்தில் சூரியனுக்குப் பூமியின் தூரத்தில் பாதி வரை நெருங்க வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் முதல் முறை அப்படி நெருங்கியபோது ஒரு சூரியத் தகட்டைத் திருப்பி, நுணுக்கமான பாகங்களுக்கு நிழல் கொடுக்க வைத்தார்கள். ஒரு தகட்டைக் குடையாக்கிவிட்டு மற்றதால் மின்சாரம். இப்படி இன்னும் சில முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் எந்தப் பாகம் முதலில் தளர்கிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.